அறுபது டாலரும் ஐந்து மூட்டை வெங்காயமும்

பெரம்பலூர் பக்கம் இரண்டரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போடுகிற பெரியவர் அவர். மகன் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பேரப்பிள்ளை பிறக்கவில்லை, விசேஷம் எதுவும் இல்லை. "சும்மா வந்துட்டுப் போங்கப்பா" என்று மகன் டிக்கெட் எடுத்து அனுப்ப, ஆனி மாதக் கடைசியில் மனைவியோடு விமானம் ஏறினார்.

போன நாளிலிருந்து அவருக்கு ஒரே குறைதான். காலைக் காபியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை எல்லாம் மகன் காசு. ஊரிலிருந்து கிளம்பும்போது வெங்காயம் விற்ற பணத்தில் கொஞ்சத்தை டாலராக மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அதில் கடைசியாகக் கையில் இருந்தது 60 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 5,100 ரூபாய். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த விலை கிலோவுக்கு 20 ரூபாய். ஆக 255 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்து மூட்டைக்குச் சற்று மேல். ஒரு டாலர் என்றால் நாலேகால் கிலோ. அமெரிக்காவில் எதன் விலையைப் பார்த்தாலும் அவர் வாய் அதை முதலில் வெங்காயமாகத்தான் மாற்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேஸ்பால் ஆட்டம் பார்க்க நான்கு டிக்கெட் எடுத்திருந்தான் மகன். "டிக்கெட்டு உன்னோடது. அன்னிக்குச் சாப்பாடு என்னோடது" என்றார் பெரியவர். மகன் சிரித்துவிட்டு, "மைதானத்துல விலை ஆகாதுப்பா" என்றான். சொன்னது தப்பில்லை. மைதானத்துக்குள் ஆளுக்கு ஒரு முழு அளவு ஹாட்டாக், ஒரு குளிர்பானம் என்று வாங்கினாலே நான்கு பேருக்கு எளிதாக 60 டாலரைத் தொட்டுவிடும். வயிறும் நிறையாது. அம்மாவுக்கு இன்னொரு சிக்கல். அன்றைக்கு ஆடி வெள்ளி, கவுச்சி தொடமாட்டார். ஹாட்டாக் என்பது பன்னுக்கு நடுவே வைத்த இறைச்சிக் குழல். பெரும்பாலும் மாடு, இல்லையென்றால் பன்றி.

மருமகள்தான் வழி சொன்னாள். "மாமா, அந்த மைதானத்துக்குள்ள வெளிச்சாப்பாடு கொண்டு போகலாம். காலையிலயே கிளம்புவோம். போற வழியில வாங்கிட்டே போவோம்."

வெங்காயத்தால் பிறந்த சந்தை

நார்த்கேட் நிலையத்தில் ரயில் ஏறினால் நகரத்தின் நடுவே உள்ள வெஸ்ட்லேக் கால் மணி நேரம். எவ்வளவு தூரம் போனாலும் பெரியவர்களுக்கு 3 டாலர், பதினெட்டு வயது வரைக்கும் இலவசம். வெஸ்ட்லேக்கில் இறங்கிக் கடல் பக்கமாக நாலைந்து தெரு நடந்தால் பைக் பிளேஸ் மார்க்கெட்.

உலகமெங்கும் இருந்து வருகிறவர்கள் இங்கே மீன்காரர்கள் மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை நின்று படம் எடுக்கிறார்கள். பெரியவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவரை நிறுத்தியது, மகன் சொன்ன இந்தச் சந்தை பிறந்த கதை.

1906-க்கும் 1907-க்கும் இடையில் சியாட்டிலில் வெங்காய விலை பத்து மடங்கு ஏறியது. ஏறிய விலை விளைவித்தவருக்குப் போனதா என்றால் இல்லை. சுற்றுவட்டார விவசாயிகள் கமிஷன் மண்டிகளில் சரக்கை இறக்கிவிட்டுப் போவார்கள். விற்ற பிறகு மண்டிக்காரர் கொடுப்பதுதான் காசு. சில நேரம் போட்ட முதலே வராது. வாங்குகிற பக்கமும் கொதித்தது. தாமஸ் ரெவெல் என்ற நகரமன்ற உறுப்பினர் முன்னின்று, விவசாயியே வண்டியில் கொண்டுவந்து நேரடியாக விற்க ஓர் இடத்தை ஒதுக்கச் செய்தார். 1907 ஆகஸ்ட் 17 அன்று பத்து வண்டிகள் அளவில்தான் வந்தன. வாங்க வந்த கூட்டமோ ஆயிரக்கணக்கில். உச்சிப் பொழுதுக்குள் எல்லா வண்டியும் காலி.

மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது 1999 நவம்பர் 14. தொண்ணூற்றிரண்டு வருஷ வித்தியாசம். காரணம் ஒன்றுதான்.

"வெங்காயமா? இங்கயுமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தச் சந்தையில் ஒரு நுணுக்கம் தெரிந்துகொள்ள வேண்டும். அடுக்கி அலங்கரித்த உயரமான நிரந்தரக் கடைகளில் எங்கிருந்தும் வாங்கி வந்து விற்கலாம். நாள் வாடகைக்கு எடுக்கும் தாழ்வான மேசைகளில் உட்காருகிற விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத்தான் விற்க வேண்டும். பூ விற்கிறவர்களில் ஹ்மாங் குடும்பங்கள் அதிகம். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்து இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் பூ பயிர் செய்கிறவர்கள். பெரிய பூங்கொத்தைக் கட்டிக்கொண்டே ஓர் அம்மாள் விலை சொன்னபோது, இந்த அம்மாவும் பதிலுக்கு ஒரு விலை சொல்லப் போனார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரம் இங்கே வழக்கமில்லை.

சாப்பாட்டுக்கு இந்தச் சந்தை சிக்கனமான இடம் அல்ல. நண்டும் சிப்பிச் சூப்பும் சுற்றுலாக்காரர்கள் விலையில்தான் கிடைக்கும். வாங்க வேண்டியது பழம். சமைக்காத உணவுப் பொருளுக்கு வாஷிங்டன் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. சமைத்துக் கொடுத்தால் சியாட்டிலில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் வரி. அது விலைப்பலகையில் இருக்காது, பில்லில்தான் ஏறும். புதிதாகப் போகிறவர்கள் கணக்குத் தப்புவது இங்கேதான். பலகையில் 7 டாலர் என்று பார்த்து 7 டாலரை எண்ணி வைத்துக்கொண்டு நின்றால் மானம் போகும்.

பெரியவர் ஒரு தாழ்வான மேசையில் ரெய்னியர் செர்ரி வாங்கினார். மஞ்சளில் சிவப்பு படர்ந்த செர்ரி. இதே மாநிலத்தின் ப்ராஸர் ஆராய்ச்சி நிலையத்தில் 1952-ல் பிங், வான் என்ற இரண்டு கருஞ்சிவப்பு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. இரண்டு சிவப்புக்கு ஒரு மஞ்சள் பிறந்ததைக் கேட்டு அவர் அதிசயப்பட்டார். தோல் மெல்லியது, கை அழுத்தினாலே கன்றிப்போகும், மழை பட்டால் வெடிக்கும். அதனால் விலையும் அதிகம். பவுண்டு 6 டாலர், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பவுண்டு வாங்கினார். 12 டாலர். "அம்பது கிலோ, ஒரு மூட்டை" என்றார்.

மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது மகன் இன்னொன்றும் சொன்னான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்த மேசைகளில் பெரும்பகுதி ஜப்பானியக் குடும்பங்களுடையது. 1942 பிப்ரவரியில் வந்த ஓர் அரசாணையால் மேற்குக் கடற்கரையின் ஜப்பானியர் அத்தனை பேரையும் முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். விதைத்தது விதைத்தபடி கிடந்தது. சந்தையில் மேசைகள் காலியாயின. அந்தச் சந்தை பழைய நிலைக்கு வரப் பல வருஷம் பிடித்தது. பிறகு இடித்துவிட்டுப் பெரிய கட்டடங்கள் கட்டலாம் என்று திட்டம் வந்தபோது, 1971-ல் நகர மக்கள் ஓட்டுப் போட்டுச் சந்தையைக் காப்பாற்றினார்கள்.

சமையலறை இல்லாத அறைகள்

மறுபடி ரயில். மூன்று நிறுத்தம் தெற்கே போனால் இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட் நிலையம். மேலே ஏறி வந்தால் சைனாடவுன். இங்கிருந்து பேஸ்பால் மைதானம் பதினைந்து, இருபது நிமிட நடை. சியாட்டிலில் ஆட்டம் பார்க்கப் போகிறவர் மலிவாகவும் வயிறாரவும் சாப்பிட இந்தப் பேட்டையை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம். சவுத் கிங் தெரு, சவுத் ஜாக்சன் தெரு இரண்டிலும் வரிசையாகச் சீன, ஜப்பானிய, வியட்நாமியக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் வாட்டிய வாத்துகள் தொங்கும். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

இத்தனை மலிவுக் கடைகள் இங்கே எப்படி வந்தன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் இந்தத் தெருக்களில் இருந்தவை தொழிலாளர் தங்கும் விடுதிகள். ஒரு கட்டில் போடும் அளவுக்கு அறை. கோடையில் அலாஸ்காவின் மீன் டப்பா ஆலைகளுக்குப் போகிற பிலிப்பினோக்கள், ரயில் பாதை போட வந்த சீனர்கள், ஜப்பானியர்கள், வயல்களில் அறுவடைக்கு அலைகிற கூலிகள் ஆகியோர் வேலை இல்லாத மாதங்களில் இங்கே ஒண்டிக்கொள்வார்கள். அறையில் அடுப்பு கிடையாது. அடுப்பில்லாத ஆயிரம் பேருக்குக் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. கூலிக்காரர் கொடுக்கிற காசுக்கு ஏற்ற சாப்பாடு. சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் அவற்றின் காலடியில் மெஸ்களும் வந்த கதைதான் இதுவும். சேப்பாக்கம் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போனவர்கள் திருவல்லிக்கேணியில் சாப்பிட்டு வந்திருப்பார்கள். இரண்டு ஊரிலும் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் பேட்டை.

ஆனால் இங்கே மைதானம் பின்னால் வந்தது. வந்தபோது சண்டையும் வந்தது.

பேட்டையை ஒட்டிக் கிங்டோம் என்ற கூரை போட்ட பெரிய கான்கிரீட் மைதானம் கட்ட முடிவானது. ஆட்டக் கூட்டத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், வாடகை ஏறும், விடுதிகள் இடிபடும், வயதான கூலிக்காரர்கள் தெருவுக்கு வருவார்கள், சின்னக் கடைகள் போய்ப் பெரிய கடைகள் வரும் என்று பேட்டைக்காரர்கள் பயந்தார்கள். 1972 நவம்பரில் அடிக்கல் விழா நடந்தபோது இளைஞர்கள் கோஷம் போட்டுக்கொண்டு புகுந்து அதிகாரிகள் மேல் மண்ணாங்கட்டியை வீசினார்கள். சில நாளில் ஊர்வலமாக மத்திய அரசின் வீட்டுவசதி அலுவலகத்துக்கே போய் முதியவர்களுக்கு வீடு கேட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் எழுப்பிய ஒரு முழக்கம் சாப்பாட்டைப் பற்றியது: ஹம் பாவ் வேண்டும், ஹாட்டாக் வேண்டாம். ஹம் பாவ் என்பது உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பன். நம்மூர்க் கொழுக்கட்டைக்கு மைதா மாவில் ஓர் உறவு என்று சொல்லலாம்.

மைதானம் நிற்கவில்லை. 1976-ல் திறந்துவிட்டார்கள். ஆனால் போராட்டத்தில் பேட்டைக்குக் குறைந்த வாடகை வீடுகளும் மருத்துவமனையும் கிடைத்தன. அதை முன்னின்று நடத்தியவர்களில் பாப் சான்டோஸ் என்ற பிலிப்பினோ அமெரிக்கர் முக்கியமானவர். ஊரே அவரை 'பாப் மாமா' என்றுதான் கூப்பிட்டது. வேடிக்கை என்னவென்றால், கிங்டோம் 24 வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. 2000 மார்ச் 26 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பேட்டை இருக்கிறது.

இன்னும் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. புதிய ரயில் பாதை, ஏறும் வாடகை என்று நெருக்கடி தொடர்கிறது. அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள பதினோரு வரலாற்று இடங்களின் பட்டியலில் 2023-ல் இந்தப் பேட்டையும் சேர்க்கப்பட்டது.

சரிவில் ஒன்றரை ஏக்கர்

மதியம் மகன் களைத்துப் போய் ஹிங் ஹே பூங்காவில் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் மட்டும் மருமகளோடு மேட்டுப் பக்கம் நடந்தார். அங்கே அவர் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. பேட்டைக்கு மேலே சரிவில் படிப்படியாக வரப்புக் கட்டிய காய்கறித் தோட்டம், டேனி வூ சமுதாயத் தோட்டம்.

டேனி வூ என்பவர் ஓட்டல் நடத்தியவர். புதர் மண்டிக் கிடந்த அவருடைய சரிவு நிலத்தைப் பேட்டை முதியவர்களுக்காகப் பெயரளவு குத்தகைக்குக் கொடுத்தார். 1975-ல் தன்னார்வலர்கள் முள்புதரை வெட்டி, பழைய ரயில்வே கட்டைகளை அடுக்கிப் படிக்கட்டு வயல் ஆக்கினார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், சுமார் நூறு பாத்திகள். பயிர் செய்கிறவர்கள் எல்லாரும் பேட்டையின் வயதானவர்கள். சீனத்திலும் பிலிப்பைன்ஸிலும் கொரியாவிலும் மண்ணில் வேலை செய்துவிட்டு, வயதான காலத்தில் அடுக்குமாடி அறைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஒரு கிழவி குனிந்து வெங்காயத்தாள் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் வரப்பில் நின்று பார்த்தார். பேச்சுக்கு மொழி இல்லை. கிழவி நிமிர்ந்து பார்த்தார், பெரியவர் கையால் தன் நெஞ்சைத் தொட்டு, பாத்தியைக் காட்டி, தலையாட்டினார். கிழவி ஒரு தாளைப் பிடுங்கி மண்ணை உதறிக் கொடுத்தார். பெரியவர் அடிக்கிழங்கைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"காரம் பத்தல" என்றார் மருமகளிடம். பிறகு, "ஆனா மண்ணு நல்லா இருக்கு. மக்கு நிறையப் போட்டிருக்காங்க."

பூங்காவுக்குத் திரும்பி வந்த பிறகும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக எந்த இடத்தைப் பார்த்தும் இவ்வளவு பேசவில்லை என்று அம்மா சொன்னார்.

வாங்கியதும் கட்டியதும்

ஒரு சீன ரொட்டிக் கடையில் ஹம் பாவ் நான்கு. இரண்டு கோழி, இரண்டு காய்கறி. ஒன்று 3 டாலர், வரியோடு 13 டாலர் சொச்சம். சில கடைகள் அட்டை வாங்காது, ரொக்கம்தான். பெரியவருக்கு அது பெருமையாகப் போய்விட்டது. கவுன்டரில் வாங்கிக்கொண்டு போகிற கடையில் டிப்ஸ் வைக்கிற கட்டாயம் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டுப் பரிமாறினால் பில்லுக்கு மேல் 15-லிருந்து 20 சதவீதம் வைப்பது ஊர் வழக்கம். வரியும் டிப்ஸும் சேர்ந்தால் பலகை விலையில் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். சிக்கனமாக இருக்க நினைப்பவர் பொட்டலம் கட்டுவதே நல்லது.

அடுத்து பான் மி. ஜாக்சன் தெருவில் மேலே ஏறிப் போனால் வியட்நாமியர் கடைகள் வரும். மொறுமொறுப்பான நீளமான ரொட்டியைப் பிளந்து, ஊறவைத்த கேரட், முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய் வைத்துக் கொடுப்பார்கள். பிரெஞ்சுக்காரன் வியட்நாமுக்குக் கொண்டுபோன ரொட்டி, வியட்நாமியர் கையில் நம்ம நாக்குக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்து அழுத்திய கட்டி. சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோஃபு என்று கேட்டாலும் ரொட்டியில் ஈரல் விழுதும் முட்டை மயோனைஸும் தடவிவிடலாம். இரண்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மருமகள் சொன்னாள். ஒன்று 7 டாலர், மூன்று போதும் என்று பெரியவர் முடிவு செய்தார். ஒரு ரொட்டி முழங்கை நீளம் இருந்தது. வரியோடு 23 டாலர் சொச்சம். அந்த மேல்பக்கத்துத் தெருமுனைகளில் போதைப் பழக்கக்காரர்கள் கூட்டம் நிற்பதுண்டு. பகலில் போய் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிடுவது உசிதம்.

வெயில் தாழும் வரை உவாஜிமாயாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது அவென்யூவில் உள்ள பெரிய ஜப்பானியப் பலசரக்குக் கடை. உள்ளே பல கடைச் சாப்பாட்டுக் கூடமும் கழிப்பறையும் உண்டு. சோறு இல்லாமல் முடியாது என்கிறவர்கள் இங்கே சோறும் குழம்புமாகவே சாப்பிடலாம். 1928-ல் ஃபுஜிமட்சு மொரிகுச்சி என்பவர் டகோமா ஊரில் லாரியின் பின்பக்கத்தில் மீன் பணியாரம் வைத்து, மரம் வெட்டும் முகாம்களிலும் மீன்பிடித் துறைகளிலும் இருந்த ஜப்பானியக் கூலிகளுக்கு விற்க ஆரம்பித்ததுதான் இது. போரில் அவர் குடும்பத்தையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து சியாட்டிலில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆட்டம்

டி-மொபைல் பார்க் 1999 ஜூலையில் திறந்த மைதானம். மழை வந்தால் மூடிக்கொள்கிற கூரை. ஏறக்குறைய 48,000 பேர் உட்காரலாம். வாசலுக்கு வெளியே தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே விற்பதே வெளியே விலை குறைவு. சியாட்டில் ஹாட்டாக்கில் பாலாடைக் கட்டி தடவி, வதக்கின வெங்காயத்தை அள்ளி மேலே போடுவார்கள். கல்லில் வெங்காயம் வதங்குகிற வாசம் ரயில் பாதை வரை அடிக்கும். பெரியவர் நின்று அந்த வெங்காயத்தைப் பார்த்தார். பெரிய வெங்காயம், தித்திப்பு ரகம். வாங்கவில்லை. பக்கத்து வண்டியில் ஓட்டோடு வறுத்த உப்புக்கடலை ஒரு பை வாங்கினார். 5 டாலர். கடலை ஒன்றை உடைத்துப் பருப்பின் திரட்சியைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

உள்ளே விடுகிற விதிகள் இவை: உணவைப் பொட்டலமாக எடுத்துப் போகலாம். மூடி திறக்காத பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில், லிட்டருக்குள், அனுமதி உண்டு. கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் கூடாது. பை ஒளி ஊடுருவுகிறதாக இருக்க வேண்டும். மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் கொண்டுபோகாதவர்களுக்கு, உள்ளேயே சில கவுன்டர்களில் சின்ன ஹாட்டாக், பாப்கார்ன் போன்றவை குறைந்த விலையில் உண்டு. கவுன்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உள்ளே போனதும் பெரியவரை ஆட்டத்தைவிட அதிகமாக அசத்தியது ஒரு கடை. வறுத்த வெட்டுக்கிளி! மெக்சிகோவின் ஓஹாகா பக்கத்துப் பண்டம், மிளகாயும் எலுமிச்சை உப்பும் தூவிக் கோப்பையில் கொடுக்கிறார்கள். 2017-ல் கொண்டுவந்தபோது வாங்குவதற்கு ஆள் தாங்கவில்லை. ஆட்டத்துக்கு 312 கோப்பை என்று வரம்பு போட்டார்கள். அந்த அணியின் பழைய நட்சத்திரம் எட்கர் மார்ட்டினெஸின் ஆட்டச் சராசரி .312 என்பதால் அந்த எண். ஊரில் மருந்தடித்து விரட்டுவதைக் காசு கொடுத்துத் தின்கிறார்களே என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மேல்தட்டு இருக்கையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஹம் பாவ் ஆறிப்போனாலும் மெத்தென்று இருந்தது. அம்மா டோஃபு ரொட்டியில் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெச்சிருக்கலாம்" என்றார். செர்ரிப் பை நான்கு மடியிலும் போய் வந்தது. எதிர்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் திரும்பித் திரும்பிப் பார்க்க, அம்மா அவனுக்கும் ஒரு கை கொடுத்தார். அவன் அப்பா நன்றி சொல்லித் தலையசைத்தார்.

ஆட்டம் கிரிக்கெட் பார்த்தவர்களுக்குப் பாதி புரியும். ஒன்பது இன்னிங்ஸ், முடிய இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏழாவது இன்னிங்ஸ் நடுவே மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாடியது. 1908-ல் எழுதின பாட்டு, எல்லா மைதானத்திலும் பாடுவார்கள். அதில் கடலையும் வருகிறது என்று மருமகள் சொன்னாள். கையில் கடலைத் தோலோடு பெரியவரும் எழுந்து நின்றார். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. வெளிச்சம் போனதும் கடல் காற்று குளிர ஆரம்பித்தது. ஜூலை என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போகக் கூடாது.

திரும்பும் ரயிலில் மகன் பசிக்கிறதா என்று கேட்டான். யாருக்கும் பசியில்லை. பான் மி பாதி மிச்சம் இருந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து அடுக்கிக் கூட்டினார். 53 டாலர் சொச்சம். 6 டாலரும் சில்லறையும் மிச்சம். அதை ஒருமுறை எண்ணிவிட்டு மனைவியிடம் கொடுத்தார்.

"இந்தா, இருபத்தெட்டு கிலோ இருக்கு. பத்திரமா வெய்யி."